வானையும் கடலையும் அளக்க ஏழு காசு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

2025-26ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் வரவு-செலவுத் திட்டம் 50 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் புவி அறிவியல் அமைச்சகத்துக்கென ஒதுக்கப்பட்டது சுமார் 3,650 கோடி. வானிலைத் துறை, கடலாய்வு, சுனாமி எச்சரிக்கை, நிலநடுக்க ஆய்வு, தென்துருவத்தில் நம்மவர் நடத்தும் ஆய்வு நிலையங்கள் ஆகிய அனைத்தும் இந்த ஒரே பானையிலிருந்துதான் உண்ண வேண்டும். வகுத்துப் பார்த்தேன். அரசு செலவிடும் நூறு ரூபாயில் ஏழு காசு வருகிறது.

ஏழு காசு போதாது என்று சொல்ல அறிஞர் பலர் உளர். அவர்கள் சொல்வது சரியே. ஆனால் அந்த ஏழு காசு எந்த வரிசையில் செலவாகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். திறப்பு விழாவுக்கு ஏற்ற பொருளுக்கு முதற்பந்தி. அப்பொருளை நாள்தோறும் துடைத்து, பழுது பார்த்து, அது காட்டும் எண்ணைக் குறித்து வைத்து, அந்த எண்ணின் பொருளை மக்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலைக்குக் கடைசிப்பந்தி. இந்த வரிசை மாற வேண்டும் என்பதே என் கட்சி.

(மழையைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுவோர் இவ்விடத்தில் வள்ளுவரின் வான்சிறப்பிலிருந்து ஒரு குறளை எடுத்துக் காட்டுவது வழக்கம். நண்பர்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம் என்பதால் விட்டுவிடுகிறேன்.)

வானிலை ஆய்வு நம் நாட்டுக்குப் புதியதன்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792லேயே வானாய்வுக்கூடம் எழுந்துவிட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது 1875இல். அடுத்த ஆண்டே தாது வருஷப் பஞ்சம் வந்து, மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டு வெள்ளைக்கார அரசுக்குக் கற்பித்தது. அதன் பிறகே பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு அவசரம் வந்தது. 1904இல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் கில்பர்ட் வாக்கர் என்னும் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர். அவர் செய்ததெல்லாம் உலகின் பல ஊர்களில் பல ஆண்டுகளாகக் குறித்து வைத்திருந்த காற்றழுத்த எண்களை அடுக்கி, ஒன்றோடொன்று ஒப்பிட்டதுதான். பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது. இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது. சீசாப் பலகை போன்ற இந்த ஆட்டத்துக்குத் ‘தென் அலைவு’ என்று பெயரிட்டார். இன்று பத்திரிகைகளில் நாம் படிக்கும் ‘எல் நினோ’ இதனுடைய மறுபாதி. வாக்கர் பெரிய கணித மேதைதான். ஆனாலும் முகம் தெரியாத எத்தனையோ எழுத்தர்கள் ஒரு நாள் தவறாமல் பாரமானியைப் பார்த்து எழுதி வைத்திராவிட்டால், அவர் மேதைமை எதன்மேல் வேலை செய்திருக்கும்?

எழுதி வைப்பதில் விட்டுப் போன நாளைப் பின்னால் எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது. இதற்கு நல்ல உதாரணம் ஹவாய்த் தீவில் இருக்கிறது. சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1958இல் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் 315 பங்கை ஒட்டி இருந்தது. ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே வந்து, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. பருவநிலை மாற்றத்தைப் பற்றி இன்று உலகம் பேசும் பேச்சுக்கெல்லாம் அடித்தளம் அந்த ஒற்றைக் கோடு. அந்தக் கோட்டில் 1964இல் சில மாதங்கள் வெற்றிடம் இருக்கிறது. எரிமலை வெடித்ததாலோ கருவி கெட்டதாலோ வந்ததன்று அது. பணத்தை வெட்டினார்கள், அதனால் வந்தது. பின்னாளிலும் நிதி தரும் அமைப்புகள், ‘இது வாடிக்கையாக நடக்கும் கண்காணிப்புத்தானே, இதில் புது ஆராய்ச்சி எங்கே’ என்று அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தன. வாடிக்கை என்ற சொல்லை அலுவலகங்களில் இளப்பமாகச் சொல்கிறார்கள். நாடித்துடிப்பும் வாடிக்கைதான்.

இனி நம் கடலுக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தபின், அலை தமிழ்நாட்டுக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம்! பள்ளி மணியை அடித்து, கோயில் மணியை அடித்து, மாதா கோயில் ஒலிபெருக்கியில் கத்தி, நாகப்பட்டினம் கரையிலிருந்த மக்களையெல்லாம் உள்ளே அனுப்பப் போதுமான நேரம். ஆனால் கடலில் என்ன நடக்கிறது என்று உடனே சொல்ல இந்தியப் பெருங்கடலில் அன்று சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டனர். அந்த விலையைக் கொடுத்த பிறகு, 2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. ஆழ்கடலின் தரையில் அழுத்தமானி ஒன்றை இறக்கி வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே கிலோமீட்டர் கணக்கில் நிற்கும் தண்ணீரின் மட்டம் மூன்று சென்டிமீட்டர் மாறினாலும் அது கண்டுகொள்ளும். மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். இயற்பியல் படிக்கும் நமக்கு இதைவிட அழகான கருவி வேறெது?

அழகான கருவிதான், ஆனால் கடலில் கிடக்கிறது. உப்புக்காற்று அதைத் தின்னும். சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொள்ளும். மின்கலம் தீர்ந்து போகும். இத்தகைய மிதவைகளை இறக்கிப் பராமரிக்கும் பொறுப்பு பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துடையது. ஒவ்வொரு முறையும் கப்பலைக் கிளப்பி, நாள் கணக்கில் பயணம் செய்து, பழையதைத் தூக்கிப் புதியதை இறக்கி வர வேண்டும். போதாக்குறைக்கு, மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்கு மீனவர் வருவர், சிலர் படகை அதிலேயே கட்டுவர், கருவி உடையும், சில நேரம் மின்கலமும் சூரியத் தகடும் காணாமற் போகும். கடலோடியைக் காக்க இறக்கிய கருவியைக் கடலோடியே உடைக்கிறார் என்று நகரத்தார் சிரிக்கலாம். அது எதற்காக அங்கே மிதக்கிறது என்று அவருக்குச் சொல்வதற்கு எத்தனை ஆள், எத்தனை பணம் ஒதுக்கினோம் என்று நான் கேட்கிறேன். கழகத்தார் மீனவர் ஊர்களுக்குப் போய் விளக்குகிறார்கள், உண்மை. அந்த வேலை ஒரு துணைத் தலைப்பாக இல்லாமல் தலைப்பாகவே இருந்திருக்க வேண்டும்.

கப்பல் போகாத ஆண்டு மிதவை ஊமையாகும். ஊமையான மிதவையைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதாது. அடுத்த புயலில்தான் அது தெரியவரும்.

பிறர் பணத்தை நம்பியிருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. நம் பருவமழையைக் கணிக்க உதவும் ‘ராமா’ என்னும் மிதவை வரிசை 2004 முதல் இந்தியா, அமெரிக்கா முதலிய பல நாடுகள் சேர்ந்து நடத்துவது. உலகக் கடல்களில் சுமார் 4,000 ‘ஆர்கோ’ மிதவைகள் மூழ்கி எழுந்து வெப்பத்தையும் உப்பையும் அளக்கின்றன. அவற்றில் ஏறத்தாழப் பாதி அமெரிக்கச் செலவு. 2025இல் அந்நாட்டு அரசு, தன் கடல்-வளிமண்டல நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவையே இல்லாமற் செய்யும் யோசனையை அடுத்த நிதியாண்டுக்கான திட்டத்தில் வைத்தது. யோசனை நிறைவேறுவதும் நிறைவேறாததும் அவர்கள் நாடாளுமன்றத்தின் காரியம். ஆனால் வாஷிங்டனில் ஒருவர் பேனாவை எடுத்தால் வங்கக்கடலைப் பற்றிய நம் அறிவு குறையக்கூடும் என்ற நிலையை எண்ணினால் வயிற்றைப் பிசைகிறது.

இவ்வளவு சொன்னதால் நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று யாரும் கொள்ள வேண்டாம். 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் இறந்தவர் 10,000 பேரை நெருங்கினர். 2013இல் அதே கரையை ‘பைலின்’ தாக்கியபோது லட்சக்கணக்கானோரை முன்னதாகவே வெளியேற்றினார்கள். இறந்தோர் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை. ராடார், செயற்கைக்கோள், கணிப்பொறி, புயல் பாதுகாப்புக் கட்டடம், வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிய ஊழியர் ஆகிய எல்லாம் சேர்ந்ததால் வந்த வெற்றி இது. அந்தக் கடைசி ஆளை மறந்தால் சங்கிலி அறுந்துவிடும்.

2017 நவம்பர் இறுதியில் அறுந்தது. ஒக்கிப் புயல் குமரி முனைக்கு அருகே திடீரென வலுத்தது. குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். புயல் உருவாகும் முன்பே போய்விட்டவர்களுக்குக் கரையில் கொடுத்த எச்சரிக்கையால் என்ன பயன்? அவர்களிடமிருந்த கம்பியில்லாக் கருவிக்கு அவ்வளவு தூரம் எட்டாது. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்கே செய்தி அனுப்பும் ‘ஜெமினி’ என்ற சிறு கருவி 2019இல் வந்தது. அதில் பயன்படும் செயற்கைக்கோள் ஏற்பாடு விமானங்களுக்காக முன்பே இருந்ததுதான். இருந்ததைப் படகோடு இணைக்க ஓர் ஒக்கி தேவைப்பட்டது.

தரையிலும் இதே கதை. என் தந்தையார் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், வானத்தைப் பற்றிய கேள்விகளெல்லாம் என்னிடமே வரும். “எய்யா, நாளைக்கு மழை உண்டா?” என்பார். நான் கைப்பேசியில் வானிலைத் துறையின் படத்தைத் திறப்பேன். மாவட்டம் முழுவதும் மஞ்சள் பூசியிருக்கும். “மஞ்சள்னா எங்கே? நம்ம அளத்துலயா, கோவில்பட்டிலயா?” என்பார். கோவில்பட்டிக் கரிசலில் பெய்யும் மழை வரம். அதே மழை உப்புப் பாத்தியில் பெய்தால் விளைந்த உப்பு கரைந்து போகும்; மறுபடி தண்ணீர் கட்டிக் காய வைக்க வேண்டும்; அதுவரை கூலி இல்லை. ஒரே மாவட்டம், ஒரே நிறம், இரண்டு வயிறு. கச்சான் எப்போது விழும், கொண்டல் எப்போது எழும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்குக்கூட அந்தப் படம் சொல்வதில்லை.

ஆகவே அவர் என்னை விட்டுவிட்டு, தமிழில் ஊர் ஊராகச் சொல்லும் தனியார் ஆர்வலர் ஒருவரின் பேச்சைக் கைப்பேசியில் கேட்கிறார். அந்த ஆர்வலர்கள் நல்ல தொண்டு செய்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் ராடார் படமும், செயற்கைக்கோள் படமும், கணிப்பொறிக் கணக்கும் பெரும்பாலும் ஏதோ ஓர் அரசு மக்கள் வரிப்பணத்தில் உண்டாக்கியவை. தனியாரே வானிலையைப் பார்த்துக் கொள்வார்கள், அரசு எதற்கு என்று சொல்வோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். எங்கள் மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைப்பதைவிட அதிகம். தாமிரபரணி பெருகி, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ரயிலோடு சுமார் 800 பேர் சிக்கினர். முன்னரே சொன்னார்களா, சொல்லவில்லையா என்று மத்திய அரசும் மாநில அரசும் வழக்காடின. அந்த வழக்கில் நான் இறங்கவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 20 சென்டிமீட்டருக்கு மேல் எவ்வளவு பெய்தாலும் அதற்குப் பெயர் ‘அதி கனமழை’தான். 21ம் அதற்குள் அடக்கம். 95ம் அதற்குள் அடக்கம்.

95 என்று நமக்குத் தெரிந்ததே அங்கே ஒரு மழைமானி இருந்ததால். ராடாரை நம்பலாமே என்பீர்கள். காரைக்கால் ராடார் எங்களுக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். பூமி உருண்டை என்பதால் தொலைவு செல்லச் செல்ல ராடார்க் கதிர் தரையை விட்டு உயர்ந்துவிடும். அரை பாகை சாய்வில் கிளம்பிய கதிர் 200 கிலோமீட்டரில் சுமார் 4 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. திருவனந்தபுரம் ராடார் அருகில்தான், ஆனால் நடுவே மலை. இராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் ராடார் அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. 1,400 தானியங்கி மழைமானிகளுக்கும் தன் பணத்திலிருந்தே செலவு செய்ய முற்பட்டது. நல்லது. பத்தாண்டு கழித்து இந்த 1,400இல் எத்தனை சரியான எண்ணைச் சொல்லும் என்பதே என் கவலை. புனலில் ஒரு குருவி கூடு கட்டினால் போதும், தானியங்கி மழைமானி வறட்சியைக் காட்டத் தொடங்கிவிடும்.

கருவி வாங்குவதற்குப் பணம் வருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 செப்டம்பரில் ‘மிஷன் மௌசம்’ திட்டத்துக்கு இரண்டாண்டுகளுக்கு 2,000 கோடி அனுமதித்தார்கள். அதே மாதம் 850 கோடியில் ‘அர்கா’, ‘அருணிகா’ என்ற மீத்திறன் கணிப்பொறிகள் புனேயிலும் நொய்டாவிலும் திறக்கப்பட்டன. அதற்கு முன்பே, 2021இல், ஆழ்கடல் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கென 4,077 கோடி. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் ‘மத்ஸ்யா’ கலம் இதில் அடக்கம். நம் பள்ளிக்கரணை விஞ்ஞானிகள் டைட்டானியக் கோளத்துக்குள் மனிதரை இறக்கப் போகிறார்கள் என்றால் எனக்கும் மார்பு விம்முகிறது. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதே திட்டத்தில் கடல்சார் காலநிலை ஆலோசனைக்கும் ஒரு பிரிவு உண்டு. அது முதற் பக்கத்தில் வந்து நான் கண்டதில்லை.

ஆனால் அதே 2024இல் நடந்த மற்றொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாடெங்கும் வேளாண் அறிவியல் நிலையங்களில் 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் இயங்கி வந்தன. ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் இரண்டு பேர், அதுவும் ஒப்பந்த ஊழியர். வாரம் இருமுறை முன்னறிவிப்பை வாங்கி, ‘மழை வருகிறது, இந்த வாரம் உரம் போடாதே, மருந்து அடிக்காதே, அறுத்ததை மூடி வை’ என்று வட்டார மொழியில், வட்டார வாரியாக உழவருக்கு மாற்றிச் சொல்வது அவர்கள் வேலை. அந்த 199ஐயும் மூட உத்தரவாயிற்று. பிறகு மீண்டும் கொண்டுவரலாமா என்ற பேச்சும் எழுந்தது. கணிப்பொறிக்கு 850 கோடி கொடுக்க முடிந்த நாட்டில், அது கக்கும் எண்ணை மிளகாய்த் தோட்டத்துக்குக் கொண்டு சேர்க்கும் சில நூறு பேருக்குச் சம்பளம் கொடுப்பது வீண்செலவாகத் தெரிந்திருக்கிறது. இதற்கு என்ன பெயர் வைப்பது? வாய்க்காலைத் தூர்த்துவிட்டு அணையை உயர்த்துவது என்பேன்.

இத்தனைக்கும் இது தர்மச் செலவன்று. தில்லியிலுள்ள தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சி மன்றம் 2020இல் கணக்கிட்டது: பருவமழைக் கணிப்புத் திட்டத்திலும் கணிப்பொறிகளிலும் போட்ட சுமார் 1,000 கோடிக்குக் கிடைக்கக்கூடிய பலன் ஏறத்தாழ 50,000 கோடி. ஒரு ரூபாய்க்கு ஐம்பது. அந்த ஐம்பதில் பெரும்பகுதி உழவரும் மீனவரும் அறிவிப்பைக் கேட்டு நடந்ததால் வருவது. கேட்காவிட்டால் பலன் ஏது?

அண்ணா மணி அம்மையாரை நினைத்துக்கொள்கிறேன். பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் நம்மைப் போல் அரசுக் கல்லூரி மாணவியாக இயற்பியல் படித்து, 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தவர். அதுவரை சீமையிலிருந்து வந்த வானிலைக் கருவிகளை இங்கேயே செய்ய வரைபடம் தயாரித்து, தரப்படுத்தினார். ஓய்வுக்குப் பிறகு அவர் செய்தது நாடெங்கும் காற்றின் வேகத்தை அளப்பது. கவர்ச்சி இல்லாத வேலை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ரயிலில் போகும்போது இருபுறமும் சுழலும் காற்றாலைகளைப் பார்க்கிறோமே, காற்றாலையை எங்கே நடலாம் என்று நாடு தெரிந்துகொண்டது அத்தகைய அளவீடுகளால்தான்.

மத்திய அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ராடாரோ மிதவையோ வாங்க அனுமதிக்கும் கோப்பிலேயே, அதற்குப் பத்தாண்டுக்கான பராமரிப்புப் பணமும் ஆளும் சேர்ந்து அனுமதியாக வேண்டும்; ஆண்டு முடிவில் வெட்டும்போது அதில் கை வைக்கக் கூடாது. மூடிய 199 அலகுகளையும் நிரந்தர ஊழியரோடு திறக்க வேண்டும். கரையோர மாவட்டங்களில் உப்பளத்தையும் மீன்பிடியையும் அவர்கள் பார்வையில் சேர்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழைக்குக் காட்டும் அக்கறையை, தமிழ்நாட்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழைக்கும் காட்ட வேண்டும். தில்லிக்கு அக்டோபரில் மழைக்காலம் முடிந்துவிடுகிறது. நமக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

அரசு செய்யும்போது செய்யட்டும். நம் இயற்பியல் ஆய்வகச் சுவரில் ஒரு ஃபார்ட்டின் பாரமானி தொங்குகிறது. செய்முறைத் தேர்வுக்கு முன் ஒருமுறை அதைப் பார்க்கிறோம். நேற்று அது என்ன காட்டியது என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது. விளையாட்டுத் திடலின் மூலையில், மரமும் கட்டடமும் மறைக்காத இடத்தில், கையால் அளக்கும் சாதாரண மழைமானி ஒன்றை வைத்து, அதையும் இந்தப் பாரமானியையும் நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி வரலாம் என்று துறைத்தலைவர் அவர்களிடம் மாணவர் சிலர் விண்ணப்பிக்க இருக்கிறோம். மழைமானியின் நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. விடுதி மாணவர்களுக்கு அது எளிது. ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆள் வேண்டும். தீபாவளி விடுமுறையில்தான் இக்கட்டு. நல்ல மழை அப்போதுதான் பெய்யும், விடுதியோ பூட்டியிருக்கும். கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவிலேயே வீடுள்ள இரண்டு பேர் அந்த வாரத்துக்குப் பெயர் கொடுத்தால் போதும்.